தேச்சம்மாவுக்குப் புரியவில்லை

"இன்னிக்கும் தேச்சம்மா உன்னைக் கூப்பிட்டாளா?"

சித்ரான்னத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே நயனா கேட்டாள்.

"கூப்பிட்டா. கம்ப்யூட்டர்ல லேயர் லேயரா வரையறது இன்னும் புரியலையாம்" என்றாள் சிவலீலா.

"போன வாரம்தானே சொல்லிக்குடுத்தே?"

"மறந்துட்டாளாம்."

"மறப்பா, மறப்பா! குடகுல அப்பாவுக்குக் காபித் தோட்டம். அவ எதுக்குக் கஷ்டப்பட்டுக் கத்துக்கணும்? அதான் இளிச்சவாய் நீ இருக்கியே!"

மைசூரில் அந்தக் கட்டடக்கலைக் கல்லூரியின் விடுதி அது. நயனாவும் சிவலீலாவும் ஓர் அறை. எதிர் அறை தேச்சம்மாவுடையது.

கட்டடத்தையும் அதைச் சுற்றிய தோட்டத்தையும் கம்ப்யூட்டரில் வரையப் பழகும் பாடம் இந்த வருடம். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஐந்து மணிக்கு லேபைப் பூட்டிவிடுவார்கள். மிச்சத்தை எல்லோரும் அறைக்கு வந்து லேப்டாப்பில் முடிப்பார்கள்.

சிவலீலாவிடம் லேப்டாப் இல்லை. கொள்ளேகாலில் அவள் அப்பா தையல்காரர். நயனா ஒருமுறை தன்னுடையதை நீட்டியபோது, "வேண்டாம்ப்பா, எனக்கு லேபே போதும்" என்று சட்டென்று நகர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு எதிர் அறைக்குப் போனாள் சிவலீலா.

"வா வா, உட்காரு." தேச்சம்மா நாற்காலியைக் காலி செய்தாள். "இந்தப் பூங்கா பிளான்ல மேடு பள்ளத்தை எப்படிக் காட்டறதுன்னே புரியல."

"உன் ஃபைலைத் திற. அதுலயே காட்டறேன்."

"ஐயோ, அது அலங்கோலமா கெடக்கு! உன் பிளானையே போடு. நீ போடப் போட நான் பாத்துக்கறேன்."

சிவலீலா தேச்சம்மாவின் லேப்டாப்பில் தன் பென் டிரைவைச் செருகினாள். சரிவுக்கான கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்தாள். நடைபாதை போட்டாள். குளத்தைச் சுற்றி மரங்களை வைத்தாள்; நிழல் எங்கே விழும் என்று பார்த்து இரண்டை நகர்த்தினாள். வேலையில் மூழ்கிப் போனவள் திரும்பிப் பார்த்தபோது, தேச்சம்மா கட்டிலில் குப்புறப் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"தேச்சு! பாக்கறியா, தூங்கறியா?"

"பாக்கறேன்டி... நீ போடு."

திறந்திருந்த கதவு வழியாக நயனா இதைப் பார்த்துவிட்டாள். சிவலீலா அறைக்குத் திரும்பியதும் பிடித்துக்கொண்டாள்.

"நீ வேலை செய்யறே, மகாராணி தூங்கறா. ஆனா அவ அசைன்மெண்ட் மட்டும் தேதி தவறாம போயிடுது, கவனிச்சியா? இதே ஊர்ல அவ மாமா ஆர்க்கிடெக்ட். அவர் ஆபீஸ்ல யாரோ வரைஞ்சு குடுக்கறாங்க. உன்கிட்ட சும்மா வேடிக்கை காட்டறா!"

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் சாயங்காலம் சிவலீலா எதிர் அறை வாசலிலேயே நின்றாள்.

"தேச்சு, இனிமே நான் வரல."

தேச்சம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஏன்டி? கடைசி சப்மிஷன் நெருங்கிடுச்சே. இப்போ போய் விட்டுட்டா எப்படி?"

"எத்தனை தடவை சொல்லிக்குடுக்கறது? நீயாத்தான் முட்டி மோதிக் கத்துக்கணும்."

"அது முடியற வரைக்கும் மட்டும் வா. வேணும்னா கால்ல விழறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டாள். சிவலீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எழுந்திரு கோமாளி!" என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

பூங்கா பிளான் அந்த மேஜையில்தான் முடிந்தது. சிவலீலாவின் பிளானைப் பெரிதாக அச்செடுத்து வரைகூடச் சுவரில் ஒட்டினார் பாடம் எடுக்கும் மேடம். பார்க்க வந்த சீனியர்கள் குளத்தோர மரங்களைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து லேப் தேர்வு. இரண்டு பிரிவாக நடந்ததால் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது.

பாதியில் நிமிர்ந்த சிவலீலா, முன் வரிசையில் தேச்சம்மாவைப் பார்த்துத் திகைத்துப் போனாள். அவள் இடது கை கீபோர்டில் பறந்துகொண்டிருந்தது. மெனு எதையும் தேடவில்லை. ஒவ்வொரு கட்டளையையும் நேராகத் தட்டினாள். மேடும் பள்ளமும் படியும் பாதையும் திரையில் வந்து விழுந்தன.

முதலில் முடித்து எழுந்தவள் அவள்தான்.

வெளியே வந்ததும் நயனா பொரிந்தாள். "உன் வித்தையெல்லாம் உறிஞ்சிக்கிட்டு உனக்கே முன்னாடி முடிச்சுட்டா, பாத்தியா?"

"இல்ல நயனா. அவ போட்டதுல பாதி எனக்கே தெரியாது."

இருவரும் கேன்டீனுக்கு நடந்தார்கள். அங்கே தேச்சம்மா நிம்மதியாக மசாலாப் பொரி, அந்த ஊர்ச் சுருமுரி, கொறித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கத்துக்கிட்டே இதெல்லாம்?" என்றாள் சிவலீலா.

"எல்லாம் நீ சொல்லிக்குடுத்ததுதான்."

"பொய் சொல்லாதே!"

தேச்சம்மா அசடு வழிந்தாள். "காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி, பி.யு.சி. முடிச்ச லீவுல... மாமா ஆபீஸ்ல."

"அப்போ இத்தனை மாசமா புரியல, புரியலன்னு என் உயிரை வாங்கினியே, எதுக்கு?"

தேச்சம்மா சுருமுரிப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் மக்கா இருந்தாத்தானேடி நீ என் லேப்டாப்பைத் தொடுவே?"