ஆணி இல்லாத கதவு

"ஒட்டிக்கிச்சு பாஷா! இங்கயும் ஒட்டுது, இந்தா, இங்கயும்!"

தச்சு வேலை சொல்லிக்கொடுக்கும் உஸ்தா கமீஸ், காந்தத்தை முன்வாசல் புதுக் கதவின் உள்பக்கம் நகர்த்தி நகர்த்திக் கத்தினார். நாலு இடத்தில் அது டக்கென்று பிடித்துக்கொண்டது.

எல்லாரும் மரியாதையாக 'பாஷா' என்று அழைக்கும் இயக்குநர் டாக்டர் முஹிப்பின் முகம் கறுத்தது.

கெய்ரோவின் பழைய மாளிகை ஒன்றைப் பழுதுபார்த்தபடியே இளைஞர்களுக்குத் தச்சு பழக்கும் நிலையம் அது. அங்கே ஒரே சட்டம்: ஆணி கூடாது. சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கழுந்தும் காடியுமாகக் கோத்தே கதவு செய்ய வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் செய்தார்களாம். முஹிப் உளியைத் தொட்டவர் இல்லை. ஆனால் ஆணியின் கெடுதல் பற்றித் தண்ணீர் குடிக்காமல் இரண்டு மணி நேரம் பேசுவார்.

"யாருடா செஞ்சது இதை?"

"நான்தான் பாஷா," என்றான் மாணவன் பயூமி. "ஆனா ஆணி அடிக்கல. எங்கம்மா மேல சத்தியம்."

"அம்மாவை ஏண்டா இழுக்கிற? அவங்க என்ன காந்தமா?"

உஸ்தா கமீஸ் குறுக்கே புகுந்தார். "நேத்து மத்தியானம் நானே தடவிப் பாத்தேன் பாஷா. ஒண்ணும் ஒட்டல. பய சாயங்காலமா வந்து அடிச்சிருக்கான்."

"வாட்ச்மேன்! நேத்து சாயங்காலம் சுத்தியல் சத்தம் கேட்டுச்சா?"

வாசலில் நின்ற இத்ரீஸ் தலையைச் சொறிந்தார். "கேட்டுச்சு பாஷா. ஆனா அது வந்து..."

"போதும். சாட்சியும் கிடைச்சாச்சு."

"நான் நேத்து மூணு மணிக்கே கிளம்பிட்டேன்," என்றான் பயூமி. "வெளிப்பக்கத்தையும் ஒரு தடவை பாத்துடலாமே பாஷா?"

"வெளிப்பக்கம், இன்னிக்குத் திறப்பு விழாவுல அமைச்சர் விலக்க வேண்டிய பட்டுத்துணி தொங்குது. அதுல கை வச்சே, கையை ஒடிச்சிருவேன்."

பயூமியின் குரல் இறங்கியது. "பாஷா, சான்றிதழ் இல்லாட்டி பள்ளிவாசல் கதவு வேலைக்கு என்னை எடுக்க மாட்டாங்க. இருந்த டுக்டுக் ஆட்டோவையும் வித்துட்டுத்தான் இங்க வந்து சேந்தேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வாங்கினவன்கிட்டயே போயி கூலிக்கு ஓட்டு."

கூட இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். நேற்றுவரை அவன் தீட்டிக் கொடுத்த உளியால் வேலை செய்தவர்கள்தான். சான்றிதழ் கையில் வரும்வரை எல்லாருக்கும் இயக்குநரின் நகைச்சுவை பிடிக்கும்.

முஹிப் பேனாவை எடுத்து, பயூமியின் சான்றிதழில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"கிளம்பு. முன்வாசல் வழியாப் போகாதே, அமைச்சர் வர்ற நேரம். பின்பக்கமாப் போ."

"சரி பாஷா. என் கதவைப் பத்திரமாப் பாத்துக்குங்க."

"வாய் மட்டும் கொறையல பாரு!"

பயூமி பின்வாசல் வழியாக வெளியேறி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தான். மாளிகை முன்னால் ஒரே கூட்டம். அமைச்சரின் கார் வந்து நின்றது. முஹிப் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம முன்னோர்கள் மரத்தை மதிச்சாங்க. மரத்துல ஆணி அடிக்கிறது, பெத்த பிள்ளை நெஞ்சுல அடிக்கிற மாதிரி! அப்படி அடிச்ச ஒருத்தனைக் கொஞ்சம் முன்னாடிதான் வெளியே துரத்தினேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அமைச்சர் பட்டுத்துணியை இழுத்தார். கதவின் நடுவே பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. அதை அவரே உரக்கப் படித்தார்: "ஒரு ஆணிகூட அடிக்காமல் உருவான கதவு இது. இவண், இயக்குநர் டாக்டர் முஹிப்."

தகட்டின் நாலு மூலையிலும், நாலு புது இரும்பு ஆணிகளின் தலைகள் வெயிலில் மின்னின.