பத்து வரை

குழாயைத் திறந்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. தெளியும்வரை நின்றேன். கெட்டிலை நிரப்பினேன்.

ரொட்டியைச் சுட்டேன். நல்லெண்ணெய் விட்டு, பருப்புப் பொடி தூவி, நின்றபடியே தின்றேன்.

சட்டையைத் தேய்த்தேன். வாசலில் சேர்ந்திருந்த மண்ணைப் பெருக்கினேன். பெருக்கி முடித்ததும் காற்று அடித்தது.

ஜூலை. ஆஸ்திரேலியாவின் நடுவே, பாலைநிலத்தில், இது குளிர்காலம். கை விரல்கள் வலித்தன.

பள்ளிக்கூடம் இரண்டு நிமிட நடை.

இன்று ஆறு புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஆறு பேரும் கடற்கரை நகரங்களிலிருந்து வந்தவர்கள். திங்கட்கிழமை முதல் இந்த ஊரின் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போகிறவர்கள்.

மூன்று வருடமாக இந்தப் பயிற்சியை நடத்தியவள் என் மனைவி.

மார்ச்சில் இறந்துபோனாள். நகரத்துக்குப் போகும் மண் சாலையில் வண்டி கவிழ்ந்தது.

நான் கணக்கு ஆசிரியர். "அவங்க குறிப்பெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு," என்றார் தலைமை ஆசிரியர். இன்னொன்றும் கேட்டார். அடுத்த வருடமும் இருப்பேனா, கோயம்புத்தூர் திரும்பிவிடுவேனா. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இன்று வெள்ளிக்கிழமை.

வகுப்பில் கெய்லீன் இருந்தாள். இந்த ஊர்க்காரி. உதவி ஆசிரியை. அவளும் என் மனைவியும் சேர்ந்துதான் பயிற்சிக் கையேட்டை எழுதினார்கள்.

மேசையில் கையேடுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. மற்றதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஓரங்கள் நேராக இருந்தன. கெய்லீன் ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கிறாள்.

இந்த ஊரில் இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வெகு காலத்துக்கு. படத்தைக்கூட மூடிவிடுவார்கள்.

எனக்குத் தெரியும்.

தெரிந்தும் ஒரு தாளை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. நன்றாக ஒட்டியிருந்தாள்.

கெய்லீன் பார்த்தாள்.

ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தை வாசித்தேன்.

'கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிள்ளைகள் பேசாமல் இருந்தால் விடை தெரியவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். யோசிக்கிறார்கள். உங்கள் கேள்வியை மதிக்கிறார்கள்.'

கீழே இன்னொரு வரி இருந்தது. அதையும் வாசித்துவிட்டேன்.

'என் கணவர் மூன்றிலேயே நிறுத்திவிட்டுத் தானே விடையைச் சொல்லிவிடுவார். அவரைப் போல் செய்யாதீர்கள்.'

ஆறு பேரும் சிரித்தார்கள்.

"அந்தக் கணவர் நான்தான்," என்றேன்.

இன்னும் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியாது.

முன்வரிசையில் ஹாரியட் என்ற பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தத் தாளுக்கு அடியில யார் பேர் இருக்கு?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

விடை என் நாக்கில் இருந்தது. நான்கு எழுத்து. நான்கு மாதமாக இந்த ஊரில் யாரும் சொல்லாத நான்கு எழுத்து.

எண்ணினேன்.

மூன்றில் வழக்கம்போல் வாய் திறந்தது. மூடினேன்.

ஐந்து. வெளியே ஒரு நாய் தகரக் குப்பைத்தொட்டியை உருட்டியது.

ஏழு. ஹாரியட்டின் முகம் சிவந்தது. ஏதோ சொல்லப் பார்த்தாள். கெய்லீன் கையை லேசாக உயர்த்தினாள். ஹாரியட் அடங்கினாள்.

ஒன்பது.

"எங்க டீச்சர்," என்றாள் கெய்லீன். "காலமாயிட்டாங்க. அதான் பேரை மூடி வெச்சிருக்கோம். அழிக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது வரைக்கும் போயிட்டியே, கணக்கு வாத்தியாரே. ஆனா எண்ணுறப்ப உதடு அசையுது."

யாரோ சிரித்தார்கள். நான்தான்.

மதியம் மூன்று மணிக்குப் பயிற்சி முடிந்தது. ஹாரியட் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். அட்டையை வருடினாள். மறுபடி போனாள்.

கெய்லீன் நாற்காலிகளை அடுக்கினாள். நானும் அடுக்கினேன்.

"அடுத்த வருஷம் இருப்பியா?"

என்னைப் பார்க்காமல் கேட்டாள். இங்கே அதுவும் மரியாதைதான்.

கேட்டுவிட்டு அடுக்கிக்கொண்டே இருந்தாள். பத்து தாண்டியது. இருபது தாண்டியிருக்கும். அவள் அவசரப்படவில்லை.

எதிரே தலைமை ஆசிரியர் அறை திறந்திருந்தது.

மார்ச்சில், கோயம்புத்தூரிலிருந்து என் மனைவியின் அம்மா போனில் அழுதுகொண்டே கேட்டார்: "கடைசியா என்ன சொன்னா?" 'போயிட்டு வர்றேன்' என்றாள் என்று சொன்னேன். எல்லாரும் வாசலில் சொல்வது. கேட்கிறவர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

விபத்து நடந்த அன்று காலை நான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த வருஷமும் இங்கயே இருந்துடலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. காலரைத் தேய்த்தேன். கைப்பட்டியைத் தேய்த்தேன்.

எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவுகட்டியிருக்கலாம். கட்டவில்லை. எழுந்தாள். வண்டிச் சாவியை எடுத்தாள். ஒரு விரலை மடக்கினாள். இன்னொன்றை மடக்கினாள். சிரித்தாள்.

"பத்தோட நிறுத்த மாட்டேன். மெதுவா சொல்லு."