திரும்பத் திரும்ப வந்த வரி

“இந்த ‘நொட்டை’யைக் குழுவை விட்டுத் தூக்குங்க. ஒரே ஒரு வரிக்கு இன்னும் எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுறது?”

இப்படி எழுதியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அந்தக் குழு உருவாக்குவது, வேளாவேளைக்கு மாத்திரையை ஞாபகப்படுத்தும் இலவசச் செயலி. ஒருவர் முகம் ஒருவர் பார்க்காத பத்துப் பதினைந்து பேர், சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. எந்த மாற்றமானாலும் முதலில் சோதனைப் பதிப்பாகக் குழுவுக்கு வரும். ஆளாளுக்குக் குறை சொல்வார்கள். திருத்தியபிறகே ஊருக்குப் போகும்.

‘நொட்டை’ என்பது குழுவில் அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் எழுத்தில் கை வைக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சண்டை, மாத்திரை போடாதவர்களுக்குச் செயலி சொல்லும் வரியைப் பற்றி: ‘நீங்கள் மாத்திரை போடத் தவறிவிட்டீர்கள்.’

“நோயாளியை ஏன்யா குற்றவாளிக் கூண்டுல ஏத்துறீங்க? ‘மாத்திரை போட்டாச்சா?’ன்னு கேட்டா வாய் சுளுக்கிக்குமா?” என்று எழுதினாள்.

குழுத் தலைவன் பணிவாகப் பதில் போட்டான். “நீங்க சொல்றது நியாயம். மாத்திடறேன்.”

அடுத்த சோதனைப் பதிப்பிலும் பழைய வரியே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அடுத்ததிலும். ஒவ்வொரு தடவையும் அவள் எகிறுவாள். அவன் மன்னிப்புக் கேட்பான்.

“தலைவன் உன் கூடப் பிறந்த தம்பிதானே? நேரா ஒரு போன் போட்டுச் சொல்லேன்” என்றார் கணவர்.

“எந்த முகத்தோட?”

அப்பா போன அன்று, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, “நீ மாத்திரை குடுக்கத் தவறிட்டே, அதான் போயிட்டார்” என்று தம்பியைப் பார்த்துக் கத்தியவள் அவள்தான். மாத்திரைக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். சொன்ன வார்த்தை சொன்னதுதானே? அன்றோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவளுக்கும் கூப்பிடத் துணிச்சல் வரவில்லை.

யாரோ ஒரு நொட்டைக்கு இத்தனை பணிவாகப் பதில் எழுதுகிறவன், அக்காவென்று ஒரு வார்த்தை கூப்பிட மாட்டானா என்று ஏங்கிப் போவாள்.

இன்றைக்கும் அதே வரி. அந்த வார்த்தையை அவன் விடவே மாட்டான் என்று தோன்றிவிட்டது. போதாக்குறைக்கு மருந்துக்கடைக்காரரின் வசவு வேறு. திருத்திக்கொண்டிருந்த தாள்களைத் தள்ளி வைத்தாள்.

“இதுதான் என் கடைசிப் புகார். இனி வர மாட்டேன்” என்று எழுதி அனுப்பினாள். கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் குழுவின் வழியாகவே ஓர் அழைப்பு. அதே மருந்துக்கடைக்காரர்.

“ஹலோ” என்றாள்.

“ஐயோ, நீங்க பொம்பளையா! வேலைவெட்டி இல்லாத யாரோ பெரிசுன்னு நினைச்சுத் திட்டிட்டேன்மா. மனசுல வெச்சுக்காதீங்க, போயிடாதீங்க. நீங்க வரமாட்டேன்னதும் தலைவர் பதறிப்போய் எனக்குப் போன் போட்டுட்டார்.”

“அந்த வரியை மாத்தச் சொல்லுங்க. இருக்கேன்.”

“நீங்க முதல் தடவை சொன்னப்பவே மாத்திட்டாராம்மா. ஊருக்குப் போன பதிப்பை இப்பத்தான் திறந்து பாத்தேன், உங்க வரிதான் இருக்கு. நமக்கு வர்ற சோதனைப் பதிப்புல மட்டும் பழசை எடுத்து வைக்கிறதே அவர்தானாம்.”

“எதுக்காம்?”

“‘இப்படித் திட்ட எங்க அக்காவைத் தவிர வேற யாரால முடியும்? திருத்திட்டா அப்புறம் எதுக்கு வரப் போறாங்க?’ன்னு சொல்லிச் சொல்லி அழறார்மா.”