ஒருக்கா ஊதினால்

“ஊதாதீங்க நானா! எச்சில் பட்டுத்தான்—”

“ஊதாம இது எப்ப ஓடியிருக்கு?”

“—தகடெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு!”

ஃபோன் திருத்தும் தங்கை மபாஸாவின் கடை மேசையருகே, முப்பது வருடப் பழைய கேம் கசட்டை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு றிஸ்மின் நிற்கிறான். கல்பிட்டிக் களப்புக் காற்றின் உப்பு கண்ணாடியில் படிந்திருக்க, உள்ளே விழும் வெயில் பால் கலந்ததுபோல் மங்கலாயிருக்கிறது. கசட்டுக்குள்ளே சின்னதொரு பெட்டரி கசிகிறது. மாற்றாவிட்டால் கேம் செத்துவிடும். மாற்றினால் அது காத்துவைத்திருக்கும் புள்ளிப் பட்டியல் அழிந்துவிடும். அந்தப் பட்டியலில் முதலிடம் மௌத்தாகி, இப்போது இல்லாத வாப்பாவுக்கு. விளையாடினால் பிரம்பெடுக்கும் மனிதர், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை கழிந்து, “என்னதான் ஈக்கு இதுல?” என்று பிடித்துப் பார்த்தவர், பின்னேரத்து அசர் பாங்கு வரை கீழே வைக்கவேயில்லை.

“இப்பத்தக் கேமெல்லாம் தொடங்க முந்தி ரெண்டு மணித்தியாலம் அப்டேட் கேக்குது. இது கேட்டது ஒரு ஊத்துத்தான்.”

உம்மா காய்ச்சலுக்கு ஓதி ஊதுவதுபோல, பிஸ்மி சொல்லி ஊதி, மேசைமேலிருக்கும் பழைய கேம் பெட்டியில் செருகுகிறான். திரையில் சாம்பல் கோடுகள் நடுங்குகின்றன, பட்டியல் வரவில்லை. மீண்டும் ஊதுகிறான். மீண்டும் கோடுகள்தான். மபாஸா கையை நீட்டுகிறாள். இம்முறை கசட்டைக் கொடுத்துவிடுகிறான். அவள் பக்கத்தில் சூடேறிய சோல்டரிங் அயனின் நுனியிலிருந்து மெல்லிய புகை எழுகிறது.

“கழட்ட முந்தி, நீயும் ஒருக்கா ஊதிப் பாரேன்.”