பெயர் போடும் இடம்

"இலவச சிகிச்சைக்குப் பதிவு தொடங்கின உடனே இணையதளம் படுத்துடுச்சு. இது உன் வேலைதானே?"

மேனேஜர் மேஜையில் ஓங்கித் தட்டினார். எதிரே புரோகிராமர் பெண். சோபாவில் மருத்துவமனையின் நிறுவனர். ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"நான் எதுக்கு சார் செய்யணும்?"

"அந்த ஓட்டை உனக்குத்தானே தெரியும்? போன மாசம் நீயே வந்து சொன்னியே!"

சொன்னாள்தான். தளம் கட்டப்பட்ட ஃப்ரேம்வொர்க் என்ற அடிப்படை மென்பொருளில் ஓர் ஓட்டை. பெயர்க் கட்டத்தில் ஒரே ஒருவர் அளவுக்கு மீறி எழுதினாலும் போதும். சர்வர் அதையே திரும்பத் திரும்பப் படித்து மூச்சு முட்டும். மற்றவர்களெல்லாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். புதுப் பதிப்பு வந்திருக்கிறது, மாற்றிவிடலாம் என்றாள்.

"பேர் போடுற இடத்துல எந்தக் கிறுக்கன் புராணம் எழுதுவான்? போம்மா, வேலையைப் பாரு" என்று அனுப்பியவர் இவரேதான். அந்த நேரம் பார்த்து அது நினைவுக்கு வந்து தொலைத்தது. குரலை இன்னும் உயர்த்தினார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்!"

"சரி சார். யார் எழுதினதுன்னு மட்டும் பார்த்துட்டுப் போறேன்." லேப்டாப்பைத் திறந்தாள். "முதல் பதிவுலயே மாட்டியிருக்கு. சர்வர் இன்னும் அதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கு."

"சத்தமா படி! எந்தக் கிறுக்கன்னு ஐயாவும் கேட்கட்டும்."

"'ஏழைகளின் இதயத்துடிப்பே, வாழும் வள்ளலே, கருணைக் கடலே, மருத்துவ மாமலையே...' போய்க்கிட்டே இருக்கு சார். கடைசியில ஐயா பேரு."

மேனேஜர் லேப்டாப்பை மூடக் கை நீட்டினார். முதல் பதிவு ஐயா பெயரில் இருக்கட்டும் என்று, விழா மலரில் இருந்த வாழ்த்து முழுவதையும் அள்ளி அந்தக் கட்டத்தில் கொட்டியவர் அவர்தான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நோயாளிகள் செல்போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா... ஒரு ஆர்வத்துல..."

நிறுவனர் எழுந்து வந்தார். திரையில் விரல் வைத்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். அவர் முகம் சுருங்கியது. அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சேர்த்துட்டுப் போம்மா. 'எளிமையின் சிகரம்' விட்டுப்போச்சு."