உரிய அனுமதியுடன்

“‘உரிய அனுமதியுடன்’னு கதைக்குக் கீழே போட்டிருக்கீங்களே, யார் குடுத்த அனுமதி?”

பத்திரிகையின் பூஜைச் சிறப்பு மலரை மேஜைமேல் போட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்டபோது, அதன் ஆசிரியர் பிரதுல் சமாத்தார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெள்ளைக் கைத்தறிப் புடவை, கையில் குடை. மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“நீங்க யாரு, மாசிமா?” என்று வங்காளி வழக்கப்படி சித்தி முறை வைத்துக் கேட்டார்.

அவள் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். கறுப்புக் கட்டத்துக்குள் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஹிரண்மயி பக்சி என்ற பெயர். பெயருக்கு முன்னால் ஒரு பிறை, ஒரு புள்ளி. காலமானவர்களுக்கு இடும் குறி.

பிரதுல் எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருங்க. மௌன அஞ்சலியெல்லாம் போன மாசமே முடிஞ்சிருக்கும்.” அவளே எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பாராசாத்ல நான் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு உங்க மலர் வந்தது. பக்கத்துக் கட்டில்காரி படிச்சுட்டு வந்து என்னைக் கிள்ளிப் பாத்தா.”

மூலையில் பிழை திருத்திக்கொண்டிருந்த சுதேஷ்ணா வாயைத் திறந்தாள். “பிரதுல்தா, அன்னிக்கு அவர் வந்து...”

“சுதேஷ்ணா, மாசிமாவுக்கு டீ சொல்லு.”

அன்று வந்தவரும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஹிரண்மயியின் மகன் தேபாஞ்ஜன். ஹிரண்மயியின் அந்தப் பழைய கதையை மறுபடி வெளியிட ஆசைப்பட்டு, எழுதியவளைத் தேடிப் பிரதுல் அலைந்ததில் அவர் ஒருவர்தான் அகப்பட்டார். “அம்மாவை நேர்ல வந்து பாத்து, காலைத் தொட்டு அனுமதி கேக்கணும்,” என்று பிரதுல் சொன்னதும், அவர் டீக்கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அம்மா காலமாயிட்டாங்க. உரிமை இப்ப என்கிட்டதான். போட்டுக்குங்க. என் பேர் மட்டும் வேண்டாம்,” என்று வீட்டிலிருந்த ஒரு போட்டோவையும் எடுத்துக் கொடுத்தார்.

அடக்கமான மனிதர் என்று அன்று நினைத்திருந்தார் பிரதுல். அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள் என்று சொல்லத்தான் நாக்குக் கூசியிருக்கிறது என்று இப்போது புரிந்தது.

“சொல்லுங்க. யார்கிட்ட கேட்டீங்க?”

கேட்காமல் ஒரு வரி அச்சிட்டதில்லை என்பதுதான் காலேஜ் தெருவில் அந்தச் சின்னப் பத்திரிகைக்கு இருந்த ஒரே சொத்து. அதை நம்பித்தான் எழுதுகிறவர்கள் கதை தந்தார்கள்.

“யார்கிட்டயும் கேக்கலை,” என்றார் பிரதுல்.

“நான் செத்துட்டேன்னு?”

“நாங்களே நெனச்சுக்கிட்டோம்.”

“இந்தப் போட்டோ?”

அவள் விரல் படத்தின் ஓரத்தில் நின்றது. படத்தில் அவள் தோள்மேல் ஒரு குழந்தையின் விரல்கள். குழந்தையை வெட்டிவிட்டிருந்தார்கள்.

“பழைய பத்திரிகை ஒண்ணுல கெடைச்சுது.”

“ஓ.” அந்தச் சின்ன விரல்களை அவள் ஒருமுறை தடவினாள். “அப்ப, அடுத்த இதழ்ல மன்னிப்புப் போடுங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க. ‘கதாசிரியர் காலமாகிவிட்டதாக நாங்களாகவே கருதி, அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கேட்காமல் இக்கதையை வெளியிட்டுவிட்டோம்.’”

“‘தவறு நேர்ந்துவிட்டது’ன்னு மட்டும் போட்டா போதாதா, மாசிமா?” என்று சுதேஷ்ணா குறுக்கிட்டாள். “இப்படிப் போட்டா நாளைக்கு யார் எங்களை நம்பிக் கதை குடுப்பாங்க?”

“அது எனக்குத் தெரியாதும்மா. ‘குடும்பத்தாரிடமோ’ங்கிறது கண்டிப்பா இருக்கணும். முதல் பக்கத்துல.”

பிரதுல் எழுதினார். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ‘குடும்பத்தாரிடமோ’ வந்த இடத்தில் தலையை மெல்ல அசைத்தாள். டீயைத் தொடாமலே எழுந்துகொண்டாள்.

“கல்நெஞ்சு,” என்று சுதேஷ்ணா முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். வாசல்வரை போனவள் குடையை ஊன்றி நின்றாள்.

“மன்னிப்பு வந்ததும் ஒரு பிரதி என் மகனுக்கு அனுப்புங்க, பிரதுல்பாபு.”

“சரி, மாசிமா.” பிரதுல் அவசரமாகப் பேனாவை எடுத்தார். “அவர் விலாசம் சொல்லுங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் ஒரு காலை வைத்தபடியே சொன்னாள்:

“உங்ககிட்டதான் இருக்குமே. மறக்காம அனுப்புங்க. அதைப் படிச்சாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.”