ஐந்தடிப் பெட்டி

“இதுல ரெண்டு பேர் படுக்கிற மெத்தை ஏறுமா தம்பி?”

“தட்டையா படுக்காது அங்கிள். பின்பெட்டி அஞ்சடிதான்.”

“பியானோ?”

“வாய்ப்பே இல்ல.”

“அருமை!” என்று வென்டல் ஹாக்ஸ்ட்ரா அந்த நடுத்தர பிக்கப் வண்டியின் விலாவைத் தட்டிக்கொடுத்தார், பந்தயத்தில் வென்று வந்த குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் கோல்பி நான்கு ஆண்டுகளாக வண்டி விற்கிறான். ஒரு வண்டியால் என்னென்ன முடியாது என்று கேட்டுக் கேட்டு மகிழும் வாடிக்கையாளரை அவன் அன்றுதான் பார்த்தான்.

“இது நாலு மூட்டை நாய்த்தீனி ஏத்தத்தான் ஆகும் அங்கிள். அதோ பாருங்க, முழு அளவு. எட்டடிப் பெட்டி. ஒரு வீட்டையே ஏத்தலாம்!”

“அதைப் பாத்தாத்தான் பயமா இருக்கு.”

கோல்பி உதவிக்கு லோரீனைப் பார்த்தான். கணவரின் பேரங்களில் அவள் தலையிடுவதில்லை. “அதை விடு. உன் பெண்டாட்டி கெல்சி எப்படி இருக்கா?” என்றாள்.

“வயித்துல ரெட்டைப் பிள்ளைங்களாம் ஆன்ட்டி. மாடிப்படி ஏறி இறங்கியே கால் வீங்கிப்போச்சு அவளுக்கு” என்றவன், “பெரிய வண்டியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அங்கிள், அப்புறம் பேசுவோம்” என்று சாவி எடுக்க உள்ளே ஓடினான்.

“பாவம் பையன், தலையைப் பிச்சுக்கிறான். காரணத்தைத்தான் சொல்லேன்” என்றாள் லோரீன்.

“இவன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.”

காரணம், வாசலோரம் நின்ற அவருடைய பழைய வண்டி. அதுவும் முழு அளவு. அதன் பின்கதவில் இருந்த பள்ளம் ஒரு பியானோவின் கைங்கரியம். அந்த ஊரில் பெரிய பிக்கப் வைத்திருப்பவனுக்குச் சனிக்கிழமை சொந்தமில்லை. யார் வீடு மாறினாலும் முதல் தொலைபேசி அழைப்பு வென்டலுக்குத்தான். பதினோரு ஆண்டுகளில் முப்பத்து நான்கு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் கூலி இரண்டு துண்டு பீட்சாவும், சரியாகக் குளிராத ஒரு பியரும்.

‘முடியாது’ என்ற சொல் அவருக்கு வாயில் வராது. ஒருமுறை கண்ணாடிமுன் நின்று அதைப் பழகிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். “எத்தனை மணிக்கு வரணும்?” என்றுதான் வாய் கேட்டது. இதற்கிடையில் அவருடைய மீன்பிடிப் படகில் தகைவிலான் குருவிகள் மூன்று தலைமுறைகளாகக் கூடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தன.

“என்னால சொல்ல முடியாததை இந்த வண்டி சொல்லட்டும் லோரீன். ‘அடடா, பெட்டி சின்னதுப்பா’ன்னா போதும். நாளை மறுநாள் சனிக்கிழமை. விடியும்போது நான் ஆத்துல இருப்பேன்.”

“மீனுக்கெல்லாம் உன்னை அடையாளம் தெரியுமா?”

சாவியோடு வந்த கோல்பி பெரிய வண்டியின் கதவைத் திறந்துவிட்டான். வென்டல் ஏறி அமர்ந்தார். இருக்கை அரியணைபோல் அவரை வாங்கிக்கொண்டது. இயந்திரம் அடிவயிற்றிலிருந்து உறுமியது. ஊரைச் சுற்றி வந்து நின்றபோது அவருடைய உள்ளங்கை ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தது. இறங்க மனமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

லோரீன் ஜன்னலருகே வந்து ஒரே ஒரு சொல் சொன்னாள்: “பியானோ.”

வென்டல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். “சின்னதுதான் தம்பி. முடிவு பண்ணியாச்சு.”

கோல்பியின் முகம் வாடிவிட்டது. கமிஷன் குறைகிற வருத்தம் என்று நினைத்த வென்டலுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அரை நிமிடத்தில் அவன் முகம் தானாகவே மலர்ந்தது.

“அங்கிள், இதுல பின்னாடி மாட்டி இழுக்கிற கொக்கி இல்ல. நானே மாட்டித் தரேன், காசு வேணாம். உருவம் சின்னதானாலும் ஏழாயிரம் பவுண்டு இழுக்கும் தெரியுமா!”

வென்டலின் கண்முன், ஆற்றுக்கு இழுத்துப்போக வேண்டிய படகு மிதந்தது. “பாத்தியா லோரீன்? சின்ன வண்டி வாங்கினாலும் பையனுக்கு எவ்வளவு பெரிய மனசு!”

மாற்றாகக் கொடுத்த பழைய வண்டியின் சாவி மேசைமேல் விழுந்த ஓசையில் பதினோரு ஆண்டுச் சுமை அவர் தோளிலிருந்து இறங்கியது. காகிதங்களில் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கோல்பி கொக்கியை மாட்டிவிட்டு, முன்கண்ணாடியையும் துடைத்து வைத்திருந்தான். வென்டல் ஏறுவதற்குக் கதவையும் அவனே திறந்தான். திறந்தவன் அதை மூடாமல் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அங்கிள்… வர்ற சனிக்கிழமை நானும் கெல்சியும் வீடு மாறுறோம். நீங்க கொஞ்சம் வந்தீங்கன்னா…”

வென்டல் நிமிர்ந்து உட்கார்ந்தார். லோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு ஆண்டுகளாக வராத சொல் அன்று தேன்போல வந்தது.

“அடடா, பெட்டி சின்னதுப்பா!”

“அதனால என்ன அங்கிள், அந்தக் கொக்கியில மாட்டப் பெரிய ட்ரெய்லரா பாத்து வாடகைக்குச் சொல்லிட்டேன்!”